தெருப் பிள்ளைகளுக்கு வீடு தேடிய குரு



1841ஆம் ஆண்டு மார்கழி மாதம் 8ஆம் திகதி, அமலோற்பவ மாதா திருநாள். வட இத்தாலியின் தூரின் நகரிலே, அசிசி புனித பிரான்சிஸ் ஆலயத்தில், குருப்பட்டம் பெற்று ஆறே மாதங்களான ஓர் இளங்குரு திருப்பலிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருக்கிறார். திருவுடை அணியும் அறையின் மூலையில் ஒரு பையன் நிற்கிறான். வெளியே நல்ல குளிர். அதற்கு ஒதுங்கி வந்தவன். கோவிற் பணியாளர் அவனைக் கண்டதும் பூசைக்கு உதவி செய்ய வரச் சொல்கிறார். தனக்கு அது தெரியாது என்கிறான் பையன். தெரியாதவனுக்கு இந்த அறையில் என்ன அலுவல் என்று கேட்டு, தூசி தட்டும் தடியை எடுத்து அவன் தோளிலும் தலையிலும் நாலு போட்டுத் துரத்தி விடுகிறார் பணியாளர்.

இளங்குரு திரும்பிப் பார்த்தார். அவன் தமது சிநேகிதன், உடனே கூட்டி வாரும் என்றார். முன்பின் கண்டிராத பையன்தான். ஆனால் அடிபட்ட அந்தக் கணத்திலேயே அவன் அவருக்குச் சிநேகிதனாகி விட்டான்.

திருப்பலி முடிந்ததும் அவனை அருகில் இருத்திப் பேச்சுக் கொடுத்தார். பெயர் பர்த்தொலொமேயோ கரெல்லி. வயது பதினாறு. தாயுமில்லை, தந்தையுமில்லை. எழுதத் தெரியுமா? தெரியாது. வாசிக்க? தெரியாது. பாட? அதுவும் தெரியாது. சீக்காய் அடிக்கவாவது தெரியுமா என்று குரு கேட்க, பையன் முதல் தடவையாகச் சிரித்தான். ஞானோபதேச வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று வினவியபோது, தன்னிலும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் பாடம் சொல்லத் தான் ஒன்றும் தெரியாமல் நிற்க வெட்கம் என்றான். வாசகரே, இந்த வெட்கத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கோவிலுக்கு வராத பிள்ளைகளைப் பற்றி நாம் எத்தனையோ காரணம் சொல்கிறோம். இந்தக் காரணத்தைச் சொல்வோர் குறைவு.

அன்றே அவர்கள் முழந்தாளிட்டு ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொன்னார்கள். சிலுவை அடையாளம் போட அவனுக்குக் கற்றுக் கொடுத்தார். போகும்போது, அடுத்த முறை தனியே வராமல் கூட்டாளிகளையும் அழைத்து வரும்படி சொல்லி விட்டார். அடுத்த ஞாயிறு அவன் தனியே வரவில்லை.

அந்தக் குருதான் யோண் பொஸ்கோ. நாம் சுவாமி என்று அழைப்பதுபோல அந்நாட்டில் குருக்களை டொன் என்பார்கள். அதனால் உலகம் அவரை டொன் பொஸ்கோ என்றே அறியும்.

தெருப் பையன்மேல் அவருக்கு இப்படி ஒரு பாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவர் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டும். தூரினுக்குக் கிழக்கே, கஸ்தெல்நுவோவோ ஊரைச் சேர்ந்த பெக்கி என்னும் சிறு குக்கிராமத்தில் 1815ஆம் ஆண்டு ஆவணி 16ஆம் திகதி பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தை பிரான்செஸ்கோ காய்ச்சலில் இறந்தார். இருபத்தொன்பது வயதில் விதவையான தாய் மார்கரீத்தாவின் பொறுப்பில் மூன்று பையன்கள். மூத்தவன் அந்தோனியோ கணவரின் முதல் தாரத்துப் பிள்ளை. போதாததற்கு நோயாளியான மாமியார். அது பஞ்சகாலம் வேறு. வசதியான இடத்திலிருந்து மறுமணம் பேசி வந்தார்கள். பிள்ளைகளை ஒரு பாதுகாவலரிடம் ஒப்படைக்கலாம் என்றார்கள். பாதுகாவலர் பிள்ளைகளுக்குச் சிநேகிதராக இருக்கலாம், தாயாக முடியாது என்று எண்ணி அவள் மறுத்து விட்டாள். அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. செபங்களையும் ஞானோபதேசத்தையும் மனப்பாடமாக அறிந்திருந்தாள். அதையே பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகக் கொடுத்தாள்.

சிறுவன் யோண் ஒன்பது வயதில் கண்ட கனவு பலரும் அறிந்தது. சண்டை பிடித்துத் தூஷணம் பேசும் சிறுவர்களை அவன் கைமுட்டியால் அடக்கப் பாய, அடியாலல்ல, சாந்தத்தாலும் அன்பாலுமே அவர்களை வெல்லவேண்டும் என்று உணர்த்தப்பட்ட கனவு அது. கனவு ஒரு பக்கம் இருக்க, அவன் செய்ததைப் பாருங்கள். சந்தைகளில் வித்தை காட்டுவோரைக் கூர்ந்து பார்த்துப் பழகி, இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதில் நடப்பான், குட்டிக்கரணம் போடுவான். அயல் வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடி விடுவார்கள். ஆனால் வித்தைக்கு முன் செபமாலை சொல்லவேண்டும்; கோவிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்வதைக் கேட்கவேண்டும். அதுதான் நுழைவுச் சீட்டு. பிற்காலத்தில் அவர் செய்த பணி முழுவதும் அந்த முற்றத்திலேயே தொடங்கி விட்டது.

படிக்கும் ஆசையை அண்ணன் அந்தோனியோ விரும்பவில்லை. புத்தகம் கண்டால் வீட்டில் சண்டை. கடைசியில் தாய் நெஞ்சைக் கல்லாக்கிக் கொண்டு சின்னவனை வேறோர் ஊரில் மொலியா என்னும் குடும்பத்தின் பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினாள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வேலைக்காரனாக இருந்தான். பின்னர் கியேரி நகரில் படித்த நாட்களிலும் சிற்றுண்டிச் சாலை, தையற்கடை என்று கிடைத்த இடத்தில் வேலை செய்தே படித்தான். தொழிலாளிப் பையனின் பசியும் தனிமையும் அவர் புத்தகத்தில் வாசித்தவை அல்ல. 1835இல் குருமடம் புகுந்து, 1841ஆம் ஆண்டு ஆனி 5ஆம் திகதி குருவானார்.

குருவானதும் தூரினில் அருட்தந்தை யோசேப் கபாசோவின் வழிநடத்தலில் மேற்படிப்புக்கு வந்தார். கபாசோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பையன்கள் கூட்டமாகப் பூச்சிக்கடியிலும் பட்டினியிலும் கிடந்தார்கள். அவரை உலுக்கியது அதுமட்டுமல்ல. விடுதலையாகிப் போனவர்களே சில நாட்களில் மீண்டும் உள்ளே வந்திருந்தார்கள். ஏன்? வெளியே அவர்களை ஏற்க ஒருவரும் இல்லை. ஒரு சிநேகிதன் இருந்திருந்தால், ஞாயிறுகளில் போக ஓர் இடம் இருந்திருந்தால், இவர்களிற் பலர் இங்கே வந்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது.

தூரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். கட்டட வேலைக்கென்று மலைக்கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதிலே சாந்துச் சட்டி சுமந்து சாரமேறும் மேசன்மார் கையாட்கள். ஆறு நாள் வேலை. ஏழாம் நாள் தெரு. இவர்களைத்தான் டொன் பொஸ்கோ ஞாயிறுகளில் கூட்டினார். பாவசங்கீர்த்தனம், திருப்பலி, ஞானோபதேசம், பிறகு நாள் முழுதும் விளையாட்டு. இந்தக் கூட்டத்துக்கு ஒறட்டோரி என்று பெயர். செபக்கூடம் என்பது பொருள். ஆனால் கூடம்தான் இல்லை!

அவர்கள் அலைந்த அலைச்சலைச் சொல்லத்தான் வேண்டும். 1844இல் பரோலோச் சீமாட்டி நடத்திய பெண்கள் இல்லத்தில் ஆன்ம குருவாகச் சென்றபோது அங்கே இரண்டு அறைகள் கிடைத்தன. கொஞ்சக் காலத்தில் அவை தேவைப்பட்டன, வெளியேறினார்கள். கல்லறைக் கோவில் ஒன்றில் ஒரு ஞாயிறு கூடினார்கள். அங்கிருந்த குருவின் வீட்டு வேலைக்காரி கோழிகள் கலைந்து ஓடுகின்றன என்று போர்க்கோலம் பூண்டாள். அத்தோடு அந்த இடம் போயிற்று. நகர ஆலைகளின் அருகே ஒரு சிற்றாலயம்; சத்தம் தாங்கவில்லை என்று முறைப்பாடு. மொரெத்தா என்பவரின் வீட்டில் மூன்று அறைகள், குடியிருந்தோர் எதிர்ப்பு. இறுதியாக ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்தார். வெட்டவெளியில் ஒரு மேட்டில் இருந்தபடி பாவசங்கீர்த்தனம் கேட்டார். பையன்களின் மிதியில் புல்லின் வேர்கூட மிஞ்சாது என்று அதன் சொந்தக்காரர்களும் அறிவித்தல் கொடுத்து விட்டார்கள்.

பங்குக் குருக்கள் சிலரும் முறையிட்டார்கள். தத்தம் பங்குப் பிள்ளைகளை இவர் இழுத்துக்கொண்டு போகிறார் என்பது குற்றச்சாட்டு. அவர்களைக் குறைசொல்ல நான் துணியேன். எந்தப் பங்குக் குருவுக்கும் வரக்கூடிய கவலைதான். டொன் பொஸ்கோ கோபிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் வெளியூரார், தாங்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்றே அறியாதவர்கள் என்று எடுத்துக் காட்டினார். பேராயர் பிரான்சோனி அவர் பக்கம் நின்றார். பங்கில்லாத பிள்ளைகளுக்கு ஒறட்டோரியே பங்காகட்டும் என்பது அவர் முடிவு.

நகர அதிகாரியான கவூர் பிரபுவோ, நூற்றுக்கணக்கான தொழிலாளிப் பையன்கள் ஒரு குருவின் கையசைவுக்குக் கீழ்ப்படிவதைக் கலகத்துக்கான ஆயத்தமாகக் கண்டார். மன்னர் கார்லோ அல்பேர்த்தோ தலையிட்டிராவிட்டால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். ஆனாலும் ஞாயிறுதோறும் காவலர்கள் வந்து நின்று கண்காணித்தார்கள். சக குருக்கள் சிலருக்கு வேறொரு சந்தேகம்: இவருக்குப் புத்தி பேதலித்து விட்டதோ? வண்டி ஒன்றைக் கொண்டு வந்து, காற்று வாங்கப் போவோம் என்று அழைத்தார்கள். விஷயம் அவருக்கு விளங்கி விட்டது. மரியாதையாக அவர்களை முதலில் ஏற விட்டு, கதவைப் படாரென்று சாத்தி, நேரே பைத்தியசாலைக்கு ஓட்டும்படி வண்டிக்காரனுக்குச் சொல்லி விட்டார். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். உண்மையிலேயே அவருக்காக வருந்தியவர்கள்.

1846ஆம் ஆண்டு குருத்து ஞாயிறு. புல்வெளியில் அதுவே கடைசி நாள். பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருக்க, அடுத்த ஞாயிறு எங்கே வரச் சொல்வது என்று தெரியாமல் டொன் பொஸ்கோ தனியே ஒதுங்கி நின்று அழுதார். அன்று மாலைதான், வல்தொக்கோ பகுதியில் பினார்தி என்பவரிடம் ஒரு கொட்டில் வாடகைக்கு உண்டென்று ஒருவர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தார். வீட்டோடு ஒட்டிச் சாய்த்திறக்கிய கூரை. நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்வு. தரையைத் தோண்டிப் பதித்துத் தருவதாகப் பினார்தி ஒப்புக் கொண்டார். சித்திரை 12, உயிர்த்த ஞாயிறன்று அங்கே திருப்பலி நடந்தது. பின்னொரு நாள் உறுதிப்பூசுதல் கொடுக்க வந்த பேராயர் பிரசங்கம் செய்யத் தம் ஆயர்முடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவு உயரம்!

அந்தக் கோடையில் அவர் நெஞ்சு நோயில் விழுந்தார். வைத்தியர் கைவிட்டார். மேசன் கையாட்களும் தச்சுப் பையன்களும் கூட்டங் கூட்டமாக மாதா கோவிலில் முழந்தாளில் நின்றார்கள். வெயிலில் நாள் முழுதும் சாரத்தில் வேலை செய்துகொண்டே, அப்பமும் தண்ணீருமாக ஒருசந்தி பிடித்தார்கள் சிலர். அவர் பிழைத்தார். இனித் தமது உயிர் அந்தப் பிள்ளைகளுக்கே சொந்தம் என்று எண்ணிக் கொண்டார்.

உடல்தேற ஊருக்குப் போனவர், திரும்பி வரும்போது தாயிடம் ஒரு கேள்வி கேட்டார். வல்தொக்கோவில் அயல் நல்லதல்ல. பக்கத்தில் குடிச்சாலை, அதனிலும் கேவலமான வீடுகள். அங்கே ஓர் இளங்குரு தனியே குடியிருக்க இயலாது. கூட வருவீர்களா, அம்மா?

மார்கரீத்தாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பெக்கியில் சொந்த வீடு, மகன் யோசேப்பின் பிள்ளைகள், தோட்டம், அயலாரின் மதிப்பு. எல்லாம் இருந்தது. அது இறைவனுக்கு விருப்பமென்றால் வருவேன் என்றாள். 1846 கார்த்திகை 3ஆம் திகதி இருவரும் கால்நடையாகப் புறப்பட்டார்கள். மகன் கையில் செபப் புத்தகம். தாய் கையில் துணிமணிக் கூடை. தூரினை நெருங்கும்போது எதிரே வந்த ஒரு குரு சிநேகிதர், எதைக்கொண்டு சீவிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பதில் இருக்கவில்லை. கையிலும் பணமில்லாத அவர், தம் கைக்கடக்கக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து விட்டுப் போனார். பின்பு மார்கரீத்தா தன் கலியாணச் சேலைத்துணியைப் பூசைத் துணிகளாகத் தைத்தாள். கழுத்துச் சங்கிலியை விற்றாள்.

அடுத்த பத்து ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. ஞாயிறுக் கூட்டம் ஒரு வீடாக மாறிய காலம் அது.

இரவில் தங்க இடமில்லாத பையன்களை வைக்கோற் பரணில் படுக்க விட்டுப் பார்த்தார் டொன் பொஸ்கோ. விடிந்து பார்த்தால் பையன்களுமில்லை, போர்வைகளுமில்லை. 1847 வைகாசியில் ஒரு மழை இரவு, நனைந்து ஊறிய ஒரு பையன் கதவைத் தட்டினான். பதினைந்து வயதிருக்கும், அநாதை, மேசன் வேலை தேடி மலைநாட்டிலிருந்து வந்தவன், கொண்டுவந்த மூன்று லீராவும் முடிந்து விட்டது. தாய் அவனை அடுப்பருகே இருத்திச் சூப்பும் பாணும் கொடுத்தாள். படுக்கை? முன் அனுபவம் மகனைத் தயங்க வைத்தது. சட்டி பானையையும் தூக்கிக் கொண்டு போய் விடுவானே என்றார். அதைத் தான் பார்த்துக் கொள்வதாகத் தாய் சொன்னாள். வெளியே போய்ச் செங்கல் பொறுக்கி வந்து நாலு கால் அடுக்கி, மேலே பலகை பரப்பி, மெத்தை போட்டாள். உழைப்பு, நேர்மை, கடவுள் பயம் பற்றி நாலு வார்த்தை சொன்னாள். அவனோடு செபம் சொன்னாள். பிறகு குசினிக் கதவைப் பூட்டி விட்டுத்தான் படுக்கப் போனாள்! பரிவும் புத்தியும் சேர்ந்திருந்த தாய். சலேசிய இல்லங்களில் இரவுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லும் சிற்றுரைக்கு அந்த நாலு வார்த்தைதான் ஆரம்பம். அந்தப் பையனின் பெயரோ எவருக்கும் நினைவில்லாமற் போயிற்று.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கார்லோ கஸ்தீனி என்ற பையன் ஒரு சவரக் கடையில் நுரை பூசும் வேலை செய்தவன். ஒருநாள் டொன் பொஸ்கோ அக்கடைக்குப் போய், முதலாளி தடுத்தும் கேளாமல், அந்தப் பழகாத கையாலேயே சவரம் செய்வித்துக் கொண்டார். பையன் ஞாயிறுகளில் வரத் தொடங்கினான். பின்னர் அவன் தாய் இறந்தாள்; அண்ணன் படையில்; வாடகை கட்டாத அறை பூட்டப்பட்டது. தெருவில் அழுது நின்ற பையனை டொன் பொஸ்கோ மார்கரீத்தாவிடம் கூட்டி வந்தார். இடமில்லாத வீட்டில் இன்னும் ஓர் இடம் பிறந்தது.

பெற்றோர் உள்ள பிள்ளைகளின் வீட்டாரையும் அவர் ஒதுக்கவில்லை. வாரநாட்களில் பையன்கள் வேலை செய்யும் கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் போய் முதலாளிமாரோடு பேசுவார். 1851, 1852 அளவில், தொழில் பழகும் பையன்களுக்காக முத்திரைக் கடதாசியில் ஒப்பந்தங்கள் எழுதுவித்தார். முதலாளி ஒரு கையொப்பம், பையன் ஒன்று, தகப்பன் ஒன்று, டொன் பொஸ்கோ ஒன்று. வாயால் திருத்தலாம், கையால் அடிக்கக் கூடாது. தொழிலைத் தவிர வீட்டு வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. ஆண்டில் இரு வாரமளவு விடுமுறை. கூலி படிப்படியாக உயரவேண்டும். தொழிற்சட்டங்கள் பிறவாத அந்தக் காலத்தில் ஒரு குரு இதைச் செய்தார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இராப் பாடசாலையும் நடந்தது. நாட்டில் மெற்றிக் அளவை முறை வந்தபோது பையன்களுக்கென்று அதைப் பற்றியே ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1853 முதல் வீட்டிலேயே சப்பாத்துத் தைக்கும் பட்டறை, தையற் பட்டறை, பின்னர் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சகம் என்று எழுந்தன.

மார்கரீத்தா சமைத்தாள், துவைத்தாள், இரவு இரவாகக் கிழிசல் தைத்தாள். பெயர்தான் அம்மா, வேலை நூறு பேருக்கு. முற்றத்தோரம் கொஞ்சம் கீரையும் மரக்கறியும் போட்டிருந்தாள். பையன்கள் மரத் துவக்கோடு போர் விளையாடி அந்தப் பாத்திகளை ஒரே பாய்ச்சலில் மிதித்து நாசமாக்கினார்கள். ஒருநாள் அவளுக்குத் தாங்க முடியாமற் போயிற்று. காயவிட்ட துணி மண்ணில், சட்டைகள் காணோம், சட்டிகள் விளையாட்டுப் பொருளாயின. பெக்கிக்கே போய் விடுகிறேன், மகனே, கடைசிக் காலத்தையாவது அமைதியாகக் கழிக்க விடு என்று சொன்னாள். டொன் பொஸ்கோ ஒன்றும் பேசவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு குசினிக்குப் போய் விட்டாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

1854இல் தூரினில் கொலரா பரவியது. சொந்த வீட்டார்கூட நோயாளரை விட்டு ஓடினார்கள். வல்தொக்கோவிலிருந்து நாற்பத்து நான்கு பையன்கள் தாமாகவே முன்வந்து நோயாளரைத் தூக்கினார்கள், பராமரித்தார்கள். நோயாளர் வீட்டில் துணி இல்லையென்று அவர்கள் ஓடி வரும்போதெல்லாம் மார்கரீத்தா இருந்ததைக் கொடுத்தாள். கடைசியில் பீடத் துணியையும் கொடுத்தாள். அந்தப் பையன்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. முன்னே போர்வை திருடிக்கொண்டு ஓடியவர்களும் இதே நகரத்துத் தெருப் பிள்ளைகள்தாம்.

1856 கார்த்திகை 25ஆம் திகதி அதிகாலை அவள் இறந்தாள். டொன் பொஸ்கோ ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஆறுதல் மாதா ஆலயத்துக்குப் போய்த் திருப்பலி நிறைவேற்றி, தாயில்லாத தம் பெரிய குடும்பத்துக்கு இனித் தாயாக இருக்கும்படி தேவதாயிடம் அழுது மன்றாடினார். வீட்டில் அவள் விட்ட வேலையை ஏற்க வந்தவர் யார் தெரியுமா? மிக்கேல் ருவா என்ற பையனின் தாய். தகப்பனை இழந்த அந்த நகரத்துப் பையன் ஒறட்டோரிக்கு வந்து போனவன். பின்பு குருவாகி, டொன் பொஸ்கோவுக்குப் பின் சபையின் தலைவரானான். மகனைத் தேடிப் போன பணி தாயையும் கூட்டி வந்து விட்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். அது எல்லோரும் அறிந்தது. 1859இல், பெரும்பாலும் தம் வீட்டில் வளர்ந்த இளைஞரைக் கொண்டே சலேசிய சபையைத் தொடங்கினார். 1868இல் சகாய மாதா பேராலயம் எழுந்தது. 1872இல் புனித மரிய மசரெல்லோவுடன் சிறுமிகளுக்கான கன்னியர் சபை. 1875இல் முதல் மறைபரப்பாளர் ஆர்ஜென்ரீனாவுக்குக் கப்பலேறினர்; 1906இல் சலேசியர் தமிழ்மண்ணில், தஞ்சாவூரில் கால்வைத்தனர். அவருடைய மாணவன் தொமினிக் சாவியோவை 1954இல் திருச்சபை புனிதனாக்கியது.

1870ஆம் ஆண்டு ஆனி 24ஆம் திகதி, டொன் பொஸ்கோவின் நாமதிருநாளன்று, பழைய பையன்கள் சிலர் வல்தொக்கோவுக்கு வந்தார்கள். இப்போது குடும்பஸ்தர்கள், தொழிலாளிகள். முன்னே நின்றவன் அந்தச் சவரக் கடைக் கஸ்தீனி. கையில் ஒரு பரிசு: சிறிய கோப்பிக் கோப்பைகள் பன்னிரண்டு. அதன்பின் ஆண்டுதோறும் வந்தார்கள். பெருகிப் பெருகி வந்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள சலேசிய பழைய மாணவர் சங்கங்கள் அந்தக் கோப்பைகளில் தொடங்கியவை.

1888ஆம் ஆண்டு தை 31ஆம் திகதி விடியற்காலை டொன் பொஸ்கோ கண்மூடினார். அதற்கு முன், பையன்கள் வரிசையாக வந்து அவர் கையை முத்தமிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்று அவர் சொல்லிவிட்ட செய்தி, மோட்சத்தில் எல்லோருக்காகவும் காத்திருப்பேன் என்பதாகும். 1934 உயிர்த்த ஞாயிறன்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். மார்கரீத்தா 2006இல் வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பட்டார். பினார்தியின் கொட்டில் இருந்த இடத்தில் இன்று ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பெயர் இன்னும் பினார்தி ஆலயந்தான்.